முறுக்கு விற்க வந்தவள்

“எங்க கணக்கைப் பாத்துப் புரிஞ்சிக்க பேங்க் மேனேஜருக்கே ரெண்டு மணி நேரம் ஆவுது. முறுக்கு விக்கிறவ பொண்ணு, நீ பாத்து இன்னா புரியப் போவுது?”

இந்த வார்த்தைகளைப் பல வருடங்களாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். சிலர் முதல் சம்பளத்தில் வாங்கிய கைக்கடிகாரத்தை வைத்திருப்பார்களே, அதுபோல. அவ்வப்போது வெளியே எடுத்துத் துடைத்து, காதில் வைத்துப் பார்த்து, இன்னும் ஓடுகிறது என்று தெரிந்ததும் திரும்ப உள்ளே வைத்துவிடுவேன்.

போன வாரம் அது தானாகவே வெளியே வந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் பேருந்து நின்றுவிட்டது. அங்கே பேருந்து நிற்பது ஒரு செய்தியே இல்லை. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசையாக நின்றால், நடுவில் மாட்டிய பேருந்து, தெரியாத கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவிக்கும். ஜன்னல் வழியாகப் பெயிண்டில் கலக்கும் தின்னர் வாடை வந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு புது இரும்பு கேட்டுக்கு ஒருவர் நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. கூரையில்லை, சுவரில்லை, சமன்படுத்திய செம்மண் மட்டும். ‘கண்டெய்னர் யார்டு, விரைவில்’ என்று ஒரு தட்டி.

அந்த இடம் எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். அது எங்கள் டின் கம்பெனி. ‘எங்கள்’ என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. அம்மா பன்னிரண்டு வருடம் அங்கே டின்னுக்கு மூடி அடித்தாள். அந்தப் பன்னிரண்டு வருடமும் அவள் அங்கே இல்லை என்று சொன்னவர் முதலாளி. மேலே நான் சொன்ன வார்த்தைகளும் அவருடையவைதான்.

தின்னர் வாடை பலருக்குத் தலைவலி தரும். எனக்குப் பசி எடுக்கும். அம்மா சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தாலே அந்த வாடைதான் முதலில் வரும், பின்னாலேயே சோறு வரும். எர்ணாவூர் பக்கம் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட லைன் வீடுகளில் எங்களுடையது ஒன்று. அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குவார். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பீடி. அம்மாவின் கம்பெனியில்தான் வாரக் கூலி நிச்சயம்.

எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் அந்தக் கம்பெனியின் கழிவு டின்கள் இருந்தன. எண்ணெய்க்காரர்களுக்கும் பெயிண்ட்காரர்களுக்கும் அச்சடிக்கும் டின்களில் அச்சு விலகினால் கம்பெனி தூக்கிப் போட்டுவிடும். தகரத்தில் படம் ஒரே தடவையில் விழாது. மஞ்சள் ஒரு தடவை, சிவப்பு ஒரு தடவை, கறுப்பு ஒரு தடவை என்று ஒன்றின் மேல் ஒன்றாக அச்சாகும். ஒன்று நகர்ந்தாலும் போச்சு. எங்கள் அரிசி டின்னில் சிரித்த பெண்ணுக்கு இரண்டு மூக்கு. சின்ன வயதில் எண்ணெய் விளம்பரப் பெண்களுக்கெல்லாம் இரண்டு மூக்குதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிற்காலத்தில் இந்த இரண்டு மூக்குப் பெண்தான் எனக்குச் சோறு போடப் போகிறாள் என்று அப்போது தெரியாது.

கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. ‘பேங்க் வர்ற நாளு’ என்பார்கள். கடன் கொடுத்த வங்கியிலிருந்து அதிகாரிகள் வந்து கம்பெனி ஓடுகிறதா, சரக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு நிற்கிற மெஷின் எல்லாவற்றின் முன்னாலும் ஆள் உட்கார வேண்டும். அதற்கு எங்கள் தெருவிலிருந்து பெண்களைக் கூட்டிப் போவார்கள். அரை நாள் கூலி, ஒரு டீ, ஒரு பரோட்டா பொட்டலம். இட்லி விற்பவர், கருவாடு உலர்த்துபவர், வேலையே இல்லாதவர், எல்லோரும் போய் நீல ஏப்ரன் மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். பக்கத்துக் கம்பெனிக்கு பேங்க் வரும் நாளில் எங்கள் கம்பெனி டின்கள் அங்கே போகும். இங்கே வரும் நாளில் அங்கிருந்து இங்கே வரும். இதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை. எதிர் வீட்டில் விசேஷம் என்றால் நம் நாற்காலியைக் கொடுக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி.

ஒரு கோடை விடுமுறையில் என்னையும் கூட்டிப் போனார்கள். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அத்தை எனக்கு ஏப்ரன் கட்டிவிட்டு, மூடிகளை இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு எண்ணிப் போடச் சொன்னாள். அவள் அம்மாவோடு சேர்ந்து வேலை செய்பவள், நிஜ ஆள்.

“தீந்து போச்சின்னா இன்னா அத்தை பண்றது?”

“திரும்ப அந்தப் பெட்டிலேந்து இந்தப் பெட்டிக்குப் போடுமே. பேங்க்காரன் எண்ணிகினா கீறான்?”

அவன் எண்ணவில்லை. கலர் சோடா குடித்தான், என்னைப் பார்த்துச் சிரித்தான், போனான். கையில் ஒரு கறுப்புப் பை. அதற்குள் என்ன இருக்கும் என்று அன்று முழுக்க யோசித்தேன். இப்போது தெரியும்: நான்கு தாள்களும் மத்தியானத்துக்குத் தயிர்சாதமும்.

நான் பிளஸ் டூ படித்த வருடம் பிரஸ் மெஷின் அம்மாவின் வலது ஆள்காட்டி விரலின் முதல் கணுவை எடுத்துக்கொண்டது. சூப்பர்வைசர் ஆட்டோவில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எப்படி ஆயிற்று என்று எழுதிக்கொள்ளும் போலீஸ்காரரிடம் அவர் சொன்னதை அம்மா தன் காதால் கேட்டாள். “கம்பெனிக்கு முறுக்கு விக்க வர்ற பொம்பள சார். சும்மா வேடிக்கை பாக்குறேன்னு மெஷின்ல கைய வெச்சிட்டா.” அப்படியே பதிவாயிற்று.

அம்மாவுக்கு முறுக்கு சுடவே வராது என்பது இதில் ஒரு தனிக் கொடுமை. ஒரு தீபாவளிக்குச் சுட்டாள். பிழிந்தது எண்ணெயில் கரைந்து கூழாகிவிட்டது. அப்பா அதையும் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டார்.

கட்டுப் பிரித்த மறுநாள் நானும் அம்மாவும் முதலாளியைப் பார்க்கப் போனோம். நான் பள்ளிச் சீருடையில் போனேன். படித்த பிள்ளை என்று தெரியட்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதே நான்தான். முதலாளி கெட்ட மனிதர் மாதிரியே இருக்க மாட்டார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், எல்லோரையும் “இன்னா கண்ணு” என்றுதான் கூப்பிடுவார்.

“உன்ன எனக்கு யாருன்னே தெரியாதேம்மா,” என்றார் அம்மாவிடம். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலி கொடுத்த கையால் மேசை மேலிருந்த தூசியைத் தட்டினார்.

நான் குறுக்கே புகுந்தேன். “உங்க கணக்கைப் பாருங்க சார். கூலிக் கணக்குல எங்க அம்மா பேரு இருக்கும்.”

அப்போதுதான் அந்த பேங்க் மேனேஜர் வார்த்தையைச் சொன்னார். சூப்பர்வைசர் சிரித்தார். அம்மா கட்டுப் போட்ட கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும், “வுடு பாப்பா, பேஜாரு புடிச்ச ஆளு” என்றாள். நான் விடவில்லை. முறுக்கு விற்கிறவர்களைச் சொன்னதில் எனக்குக் கோபமில்லை, அது கௌரவமான தொழில். என் அம்மாவை ஒரே வார்த்தையில் கம்பெனிக்கு வெளியே தூக்கிப் போட்டதுதான் கோபம்.

வணிகவியல் படிக்கப் போனது அதனால்தான். ஐந்தொகை என்கிற பேலன்ஸ் ஷீட்டை முதன்முதலில் பார்த்தபோது, இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் அந்தக் கம்பெனி யாருக்கும் பாக்கி வைக்கவில்லை என்று அர்த்தம் என்று முதல் வருடம் முழுக்க நம்பினேன். இடது பக்கம் கடன், வலது பக்கம் சொத்து, இரண்டும் சமமாகத்தான் வரும், கப்பலே மூழ்கினாலும் சமமாகத்தான் மூழ்கும் என்பது புரிய இன்னொரு வருடம் ஆயிற்று. பழி வாங்கப் புறப்பட்டவள் கணக்கில் பெயிலாகி அரியர் எழுதிய கதை யாருக்கும் தெரிய வேண்டாம், உனக்கு மட்டும் சொல்கிறேன்.

வங்கித் தேர்வு எழுதினேன். தேறினேன். வெளியூரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, திருவொற்றியூர் பக்கத்துக் கிளை ஒன்றுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தேன். கிளையில் கடன் பிரிவு என்றால் நானும் ஒரு மின்விசிறியும்தான். புது வருடத்துக்குக் கம்பெனிகள் கடனைக் கூட்டிக் கேட்கும் காலம். ஒரு நாள் மேனேஜர் ஒரு கோப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“நல்ல பார்ட்டிம்மா, பழைய பார்ட்டி. கடன் லிமிட்டை ரெண்டு மடங்கு கேக்கறார். பேப்பர் எல்லாம் கரெக்டா இருக்கு. சீக்கிரம் நோட் போட்டுடு.”

கோப்பின் மேல் டின் கம்பெனியின் பெயர். நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும் என்று, “சார், எங்க அம்மா அங்க வேலை செஞ்சவங்க. அவர் எங்களுக்குப் பண்ணினது எனக்கு மறக்கலை” என்றேன்.

மேனேஜர் ஓய்வு பெற இருந்தவர். தன் காலத்தில் எதுவும் வெடிக்கக் கூடாது என்பது மட்டுமே அவர் வேண்டுதல். அறையைச் சுற்றிப் பார்த்தார். மின்விசிறியிடம் கோப்பைக் கொடுக்க முடியாது. “கோபத்தை நோட்ல எழுதிடாதம்மா. மேலேர்ந்து திருப்பி அனுப்பிடுவான்.”

“மாட்டேன் சார். அவர் எழுதினதை மட்டும்தான் எழுதுவேன்.”

மேனேஜருக்கு ரெண்டு மணி நேரம் ஆகும் என்றாரே முதலாளி, எனக்கு மூன்று நாள் ஆயிற்று. ரசித்து ரசித்துப் படித்தேன்.

கடன் கேட்பவர்கள் மூன்று வருடக் கணக்கைக் கொடுப்பார்கள். ஐந்தொகை என்பது மார்ச் முப்பத்தொன்றாம் தேதி எடுத்த ஸ்டூடியோ போட்டோ. அந்தக் காலத்தில் ராயபுரத்தில் போட்டோ எடுக்கப் போனால் ஸ்டூடியோவிலேயே கோட்டு வைத்திருப்பார்கள். மாட்டிக்கொண்டு எடுத்துவிட்டுக் கழற்றிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். நம் கம்பெனிகளும் அன்றைக்கு ஒரு நாள் அப்படித்தான் நிற்கும். நூறு ரூபாய் விரைவில் கட்ட வேண்டியிருந்தால், விரைவில் காசாகக்கூடியது நூற்று முப்பத்து மூன்று ரூபாய்க்காவது இருக்க வேண்டும் என்பது வங்கியின் எதிர்பார்ப்பு. முதலாளியின் கணக்கில் மூன்று வருடமும் அது சரியாக நூற்று முப்பத்து மூன்று. அளவெடுத்துத் தைத்த கோட்டு.

போட்டோ ஒன்றை மட்டும் பார்த்தால் எல்லோரும் அழகுதான். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும், தகரத்தில் மஞ்சள் மேல் சிவப்பு, சிவப்பு மேல் கறுப்பு வைப்பது போல. விற்பனை ஏறியிருந்தது. கரண்ட் பில் இறங்கியிருந்தது. பிரஸ் மெஷின் கரண்ட் குடிக்காமல் டின் அடிக்காது; அதை எனக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித்தர வேண்டியதில்லை. சரக்கு இருப்பு மார்ச் கடைசியில் மட்டும் உப்பியிருந்தது. வர வேண்டிய பாக்கியில் பாதி ஒரே கடையின் பெயரில். அந்தக் கடையின் முகவரி முதலாளி வீட்டு மாடி. அப்புறம், கூலி. விற்பனை எங்கேயோ போனாலும் கூலி மட்டும் அசையாமல் அதே இடத்தில் நின்றது. வகுத்துப் பார்த்தால் இருபது ஆளுக்குக்கூட வராது. ஏன் இருபதுக்குக் கீழே என்று கேட்டால், இருபது பேர் இருந்தால் பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதி கட்ட வேண்டும். அதற்குக் கீழே என்றால் சட்டம் அந்தப் பக்கம் திரும்பாது.

மூக்கு இரண்டு தெரிந்தது. ஆனாலும் இதையெல்லாம் எழுதினால் அவர் ஆடிட்டரைக் கூட்டிவந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் சொல்லிவிடுவார். எனக்கு விளக்கம் சொல்ல முடியாதது ஒன்று வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்று தெரியும். பேங்க் வருகிற நாளில் கிடைக்கும். “நேர்ல போய்ப் பாத்துடலாம் சார். முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிடுங்க, மரியாதையா இருக்கும்” என்றேன். மேனேஜர் என்னை நல்ல பெண் என்று நினைத்திருப்பார்.

முதலாளிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சந்தனம் அப்படியே இருந்தது, முடிதான் போயிருந்தது. “வாங்க மேடம்” என்றார். அந்த ‘மேடம்’ காதில் தேன். கலர் சோடா வந்தது. நான் குடிக்கவில்லை.

ஷெட்டுக்குள் நுழைந்தோம். மெஷினுக்கு ஒருத்தி வீதம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். மடிப்புக் கலையாத புது ஏப்ரன்கள். பாதிப் பேர் நிஜ ஆட்கள். மீதிப் பேரில் மீன்காரச் செல்வி அக்கா இருந்தாள். முதல் நாள் சாயங்காலம்தான் எனக்கு நெத்திலி நிறுத்துக் கொடுத்தவள். என்னைப் பார்த்ததும் மூடி எண்ணுகிற கை நின்றது. நான் கண்ணைக் காட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் போட ஆரம்பித்தாள்.

“சார், இவங்கள்லாம் ரெகுலர் ஆளுங்கதானா? இல்ல இன்னிக்கு மட்டும் வந்தவங்களா?” என்று கேட்டேன், ரொம்ப அப்பாவியாக.

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. “இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க? எல்லாம் நம்ம ஆளுங்க. பத்து, பன்னெண்டு வருசமா கீறவங்க. கம்பெனின்னு சொல்ல மாட்டேன், குடும்பம்னு சொல்வேன். ஐம்பது பேருக்குக் கொறையாது.”

“பன்னெண்டு வருசமாவா?”

“நீங்களே கேளுங்க.”

நான் நேராகக் கஸ்தூரி அத்தையிடம் போனேன். அவள் கண்ணில் ஒரு குறும்பு. “நீங்க எத்தனை வருசமா இங்க இருக்கீங்க?”

“நானா மேடம்? இந்த ஷெட்டுக்குக் கூரை போடக்குள்ள வந்தேன். மொதலாளிக்குத் தலையில முடி இருந்த காலத்துலேந்து கீறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். மேனேஜர் சிரித்துக்கொண்டே பார்வை அறிக்கையில் எழுதினார்: நிரந்தரத் தொழிலாளர்கள் ஐம்பது பேர், பெரும்பாலோர் பத்து ஆண்டுகளுக்கு மேல் பணியில். வழக்கப்படி முதலாளியிடம் நீட்டினார். அவர் கையெழுத்துப் போட்டார். பெருமையாகத்தான் போட்டார், கடைசியில் ஒரு சுழி வைத்து.

வேறு ஒன்றும் எனக்குத் தேவைப்படவில்லை. ஐம்பது பேர் பத்து வருடமாக இருக்கிறார்கள் என்றால், அத்தனை பேருக்கும் அத்தனை வருடத்துக்கும் கட்டாத பி.எஃப்.பும் அதன் அபராதமும் கம்பெனியின் கடன். அதைக் கடன் பக்கத்தில் ஏற்றியதும் நூற்று முப்பத்து மூன்று கீழே சரிந்தது, முதலாளி காட்டிய சொந்த மூலதனம் கரைந்தது. அம்மா சுட்ட முறுக்கு மாதிரி. அவர்கள் ஒரு நாள் கூலிக்கு வந்தவர்கள் என்றால், வங்கிக்குப் பொய்யான கம்பெனியைக் காட்டியிருக்கிறார். இரண்டு கதவையும் அவரே உள்பக்கமாகத் தாழ் போட்டுக்கொண்டார். பி.எஃப். அலுவலகத்துக்கு ஒரு கம்பெனி, வங்கிக்கு ஒரு கம்பெனி என்று இத்தனை வருடம் நடத்தியவருக்கு, இரண்டு அச்சையும் ஒருநாள் ஒரே மேசையில் ஒருத்தி வைத்துப் பார்ப்பாள் என்று தோன்றவேயில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அதுவரை வந்தவர்கள் எல்லோரும் சோடா குடித்தார்கள்.

மேனேஜர் என் குறிப்பைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “பழி வாங்கறியாம்மா?”

“ஆமா சார். கூட்டல்ல தப்பு இருந்தா சொல்லுங்க.”

கால்குலேட்டரை எடுத்து ஒரு மணி நேரம் தட்டினார். தப்பு கிடைக்கவில்லை. பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். கடனைக் கூட்டக் கூடாது; எல்லாத் தொழிலாளர் பெயரையும் சேர்ந்த நாளிலிருந்து பதிந்து பி.எஃப். பாக்கியைக் கட்டினால் மறுபடி பார்க்கலாம் என்று மேலிடத்திலிருந்தும் உத்தரவு வந்துவிட்டது.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், நடுவிரலால். ஆள்காட்டி விரல் அந்த வேலைக்கு ஆகாது.

“எல்லாம் நம்ம ஆளுங்கன்னா சொன்னான்? அவன் வாயால?”

“அவன் வாயாலதாம்மா. பன்னெண்டு வருசமா கீறாங்கன்னான்.”

முறம் அப்படியே நின்றது. “இன்னொரு தபா சொல்லு.”

சொன்னேன். அன்று ராத்திரிக்குள் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை அவர் குரலிலேயே சொன்னேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

முதலாளி அடுத்த வாரம் கிளைக்கு வந்தார். நான் யார் மகள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் இனிப்புப் பெட்டி. அவர் வருவார் என்று எனக்குத் தெரியும், நானும் தயாராக இருந்தேன். தேநீர் வரவழைத்து, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். தட்டில் முறுக்கு. தினமும் காலையில் புதிதாக வாங்கி வைத்திருந்தேன்; அவர் வராத நாட்களில் கடைநிலை ஊழியரும் மேனேஜரும் தின்று தீர்த்தார்கள்.

“பாப்பா, நீ இந்திராணி பொண்ணா? மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? நம்ம பொண்ணு இந்த சீட்ல கீதுன்னு தெரிஞ்சா எனக்கு எவ்ளோ சந்தோசம்!”

“முறுக்கு எடுத்துக்குங்க சார்.”

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். புரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவங்கள்லாம் அன்னிக்கு சும்மா கூலிக்கு வந்தவங்கம்மா. பாதிப் பேர யாருன்னே எனக்குத் தெரியாது. அப்டி மாத்தி எழுதிடு.”

“என்னன்னு எழுதட்டும் சார்? மீன் விக்க வந்தவங்கன்னா? குடும்பம்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டது நீங்க.”

“இப்ப உனக்கு இன்னாதான் வேணும்?”

“எனக்கு ஒண்ணும் வேணாம். வங்கிக்கு வேணுங்கறது கடிதத்துல இருக்கு. எல்லார் பேரும், சேந்த நாள்லேந்து. அதுல இந்திராணின்னு ஒரு பேரு வரும்.”

“முறுக்கு விக்கிறவளுக்கு பி.எஃப்.பா?” என்று எழுந்தார். ஒரு முறுக்கைக் கையில் எடுத்து நொறுக்கி, தின்னாமல் தட்டிலேயே போட்டுவிட்டுப் போனார். இனிப்புப் பெட்டியை மறந்துவிட்டார். ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். நேர்மையான அதிகாரி அல்லவா.

அதே இரண்டு மூக்குக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வேறு வங்கிகளுக்குப் போனார் என்று கேள்வி. அங்கேயும் யாரோ உற்றுப் பார்த்திருக்க வேண்டும். கம்பெனி கொஞ்ச வருடம் நொண்டியது. பிளாஸ்டிக் கேன் வந்து மீதியை முடித்தது. ஒரு நாள் கேட்டைப் பூட்டினார். அதுவரைக்கும் ஒருத்தி பெயரையும் பதியவில்லை, ஒரு பைசா கட்டவில்லை.

கஸ்தூரி அத்தை வாசலில் நின்று என்னைத் திட்டித் தீர்த்தாள். “நீ அவன பழி வாங்கினே, சரி. நடுவுல எம் பொழப்பு இன்னாமே பண்ணுச்சு?” அவளுக்கு வேறொரு இடத்தில் வேலை கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. அதற்காக அந்தக் குறிப்பில் ஒரு வரியைக்கூட நான் மாற்றி எழுதியிருக்க மாட்டேன். ஆனால் அவளுக்கு நான் பாக்கி என்பதையும் மறக்கவில்லை.

இப்போது அங்கே ஷெட் இல்லை. நீல ஏப்ரன்கள் இல்லை. தகரத்துக்குப் படம் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றுகூட இந்தப் பக்கம் இல்லை. எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் பிளாஸ்டிக் டப்பாதான். அதில் இருக்கிற பெண்களுக்கு ஒழுங்காக ஒரே மூக்கு. எல்லோரையும் உட்கார வைத்து நாடகம் போட இனி யாருக்கும் அவசியமில்லை. கண்டெய்னர் யார்டைப் பார்க்க வரும் பேங்க்காரனுக்குப் பெட்டிகளை எண்ணினால் போதும்.

ஆனால் நிலம் இருக்கிறது. முதலாளி அதை விற்கப் போகிறார் என்று அந்தப் பேருந்து ஜன்னலில்தான் எனக்குப் புரிந்தது. அது எங்கள் வங்கியில் அடமானத்தில் இருக்கிறது. ஒரு கம்பெனியை விற்றுக் காசாக்கினால் யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று ஒரு வரிசை உண்டு. கடன் கொடுப்பவர்கள் தூக்கத்தில் எழுப்பினாலும் அதைச் சொல்வார்கள். அந்த வரிசையில் தொழிலாளர்களின் பி.எஃப். பாக்கி வங்கிக்கும் முன்னால் நிற்கும்.

மறுநாள் விடுப்புப் போட்டேன். அம்மா, கஸ்தூரி அத்தை, இன்னும் ஒன்பது பெண்கள், எல்லோரும் இரண்டு ஷேர் ஆட்டோவில் பி.எஃப். அலுவலகத்துக்குப் போனோம். வங்கியிலிருந்து ஒரு தாள்கூட நான் எடுத்துப் போகவில்லை. தேவைப்படவில்லை, ஆட்களே இருந்தார்கள். “என்ன வேலை பார்த்தீங்க?” என்று கேட்ட அதிகாரியிடம் அம்மா விரலை நீட்டி, “மூடி அடிச்சேன் சார்” என்றாள். மனுவைப் பெற்றுக்கொண்டு முத்திரை குத்தினார்கள். நகல் ஒன்று நிலத்தை வாங்குபவருக்குப் பதிவுத் தபாலில் போயிற்று. ஒன்று என் வங்கிக்கு, நானே கொண்டுபோய் இப்போதைய மேனேஜர் மேசையில் வைத்தேன். அம்மாவுக்குப் பின்னால் நிற்பதில் என் வங்கிக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

முதலாளிக்கும் ஒரு நகல் உண்டு. அதையும் தபாலில் போட்டிருக்கலாம். கூடவே ஒரு முறுக்குப் பொட்டலம் வைக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள், தபாலில் போனால் நொறுங்கிவிடும். அதனால் இன்று காலை கஸ்தூரி அத்தை கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இந்நேரம் அவர் வீட்டு வாசலில் மணியை அடித்திருப்பாள்.